கல்கண்டுத் தண்ணீர்

கதவைத் திறந்த பெனிஸ்டன் நிலையைப் பிடித்துக்கொண்டு ஆடினான். கண் செருகியிருந்தது. "வாளா ஷீலா" என்பதற்குள் நாக்கு இரண்டு தடவை மடங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து வாசலில் நின்ற ஜெயஷீலா, கல்யாணமான நாளிலிருந்து பார்த்துச் சலித்த அதே ஆட்டம்தான். ஆனால் பிராந்தி வாடை இல்லை.

அவள் கிட்டப் போய் முகர்ந்தாள். துறைமுகத்துக் கிரீஸ், வியர்வை, சட்டையில் வெயிலில் காய்ந்த சோப்பு வாசம். பிராந்தி மட்டும் இல்லவே இல்லை.

"குடிச்சிருக்கீங்களா?"

"மாதா மேல சத்தியமா இல்ல ளா."

வேறொரு நாளென்றால் அவள் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கோவிலுக்கு ஓடியிருப்பாள். இன்று அவன் இமையை விரலால் விரித்துக் கண்ணைப் பார்த்தாள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் செருகியிருந்த குழாய் விண்விண்ணென்று தெறித்தது. மத்தியானத்திலிருந்து போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்துவிட்டது, இந்த மனுஷன் எடுத்தால்தானே!

எல்லாம் அந்த நீல டிரம் வந்தபிறகுதான். தண்ணீர் பிடித்துவைக்கத் துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தான். அடியில் ஒரு வாளி அளவுக்குப் பளிங்கு மாதிரித் தெளிவாக ஏதோ தேங்கிக் கிடந்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தான். அவர்கள் இருக்கும் மில்லர்புரத்தில் போர்க் குழாயைத் திறந்தால் உப்பு, சோறு பொங்கினால் மஞ்சள், சோப்பு போட்டால் நுரைக்காது. இங்கே நாக்குக்கு இனித்தால் அது நல்ல தண்ணீர், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. "ஏளா, கல்கண்டா இருக்கு! இத எவனாவது கீழ ஊத்துவானா?" என்று அதன் மேலேயே லாரித் தண்ணீரை நிரப்பிவிட்டான். அவளும் ஆசையாகத்தான் செம்பு செம்பாகக் குடித்தாள்.

பிறகு வாந்தி. விலாவுக்குக் கீழே குத்தல். அதன்பின் சிறுநீர் நின்றே போனது. தண்ணீரில்தான் என்னவோ இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எத்தனை பேரிடம் கத்தினாள்! எல்லோருக்கும் ஒரே பதில். அதே தண்ணியத்தானே ஒன் புருசனும் குடிக்கான், அவன் கல்லு மாதிரி இருக்கானே? அவனும் அதையேதான் சொன்னான், மார்பைத் தட்டிக்கொண்டு. கேட்கக் கேட்க அவளுக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்றைக்கு மத்தியானம், கிட்னியிலிருந்து சதை எடுத்துப் பார்த்த பரிசோதனை முடிவோடு டாக்டர் ஜெமிமா வந்தாள். கிட்னி முழுக்க ஊசி ஊசியாகப் படிகம் என்றாள். டிரம் சங்கதியைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"இன்ஜின் சூடாகாம இருக்க ஊத்துற கூலன்ட்ல இருக்கிற திரவம்மா அது. உள்ள போறப்ப இனிப்பும் சாராயம் மாதிரி ஒரு கிறக்கமும் மட்டும்தான். உங்க ஈரல்தான் அத உடைச்சு உடைச்சு அமிலமா ஆக்குது. அந்த அமிலம் சுண்ணாம்புச் சத்தோட சேந்து கிட்னியில ஊசியா உறையுது. விஷத்த உங்க உடம்பேதான் தயார் பண்ணியிருக்கு."

"அப்ப அவுகளுக்கு ஏன் டாக்டர் ஒண்ணும் ஆகல?"

"குடிப்பாரா?"

"முழிச்சதுலேர்ந்து படுக்கது வரைக்கும்."

"அதான். சாராயம் உள்ள இருந்தா ஈரல் முதல்ல அதத்தான் கவனிக்கும். இது உடையாம அப்படியே மூத்திரத்தோட போயிரும். எப்ப குடிய நிறுத்துறாரோ அப்பத்தான் ஆபத்து. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

இப்போது வாசலில் ஜெயஷீலா அவன் சட்டையைப் பிடித்தாள். "எப்ப நிறுத்துனீங்க?"

அவன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். "முந்தாநாத்து. மாதா முன்னால முட்டுக்கால் போட்டு வார்த்தைப்பாடு குடுத்தேன்ளா. எம் பொண்டாட்டி பொழச்சு வந்தா ஒரு சொட்டு தொடமாட்டேன்னு. பாட்டில் பூரா சாக்கடையில ஊத்திட்டேன். தொண்ட வறண்டா நம்ம கல்கண்டுத் தண்ணிதான், செம்பு செம்பா."

மின்விசிறி கடகடத்தது. அதற்குக் கீழே வேறொரு சத்தம் கேட்டது. அவனுடைய மூச்சு. படியேறி வந்தவனைப் போல ஆழமாக, வேகமாக, நிற்காமல் இழுத்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் உட்கார வைத்த பிறகும் குறையவில்லை.

"இடுப்பு வலிக்கா?"

"லேசா."

"ஒண்ணுக்குப் போனீங்களா?"

அவன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். "நேத்து போனேம்லா?" என்று அவளையே கேட்டான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பைபாஸில் உப்பு லாரி கவிழ்ந்து கிடக்கிறது, சுற்றித்தான் வரவேண்டும் என்றார்கள். ஆட்டோக்காரன் அவளை இறக்கிவிட்ட கையோடு போய்விட்டான். தெருவில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கிளாடிஸக்கா, அண்ணனோட பாட்டில் இருக்கா? சீக்கிரம்!"

"ஏளா, கிறுக்கா ஒனக்கு? அந்த மனுசன் இப்பத்தான் திருந்தியிருக்கான்!"

"மருந்துக்கா. மருந்து. சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

இத்தனை வருஷமாக எத்தனை பாட்டிலைச் சுவரில் அடித்து உடைத்திருப்பாள்! இப்போது கிளாடிஸ் எடுத்து வந்ததைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அவன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் செம்பு. ததும்பத் ததும்ப.

செம்பைத் தட்டிவிட்டாள். அது உருண்டு போனது. சிமென்டுத் தரையில் தண்ணீர் பரந்தது.

"குடிங்க. ஒங்க கால்ல விழுதேன். ஆம்புலன்ஸ் வார வரைக்கும், ஒரு வாய்."

அவன் தலையை ஆட்டினான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். பாட்டிலை வாயில் வைத்து அழுத்தினாள். பல் இறுகியிருந்தது. பிராந்தி தாடையில் வழிந்து சட்டையை நனைத்தது. "மாதா ஒண்ணும் நெனைக்க மாட்டாக, குடிங்களேன்!" என்று அவன் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். அவன் திறக்கவில்லை. மூக்கு வழியாக அந்த மூச்சு மட்டும். இழுத்து. விட்டு. இழுத்து.

பிறகு அவன் மெல்ல முட்டுக்கால் போட்டான். கோவிலில் போடுவது போலவே, முதுகை நேராக வைத்து. இரண்டு கையையும் தரையில் ஊன்றினான். குனிந்தான்.

வாயைத் திறந்தான்.

தரையில் பரந்திருந்த தண்ணீரை நக்கத் தொடங்கினான். ஜெயஷீலா அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். கழுத்துக் குழாயிலிருந்து ரத்தம் கசிந்து மார்பில் இறங்கியது. அவளுக்குத் தெம்பில்லை. அவன் சிமென்டை ஒட்டியபடி, ஒரு சொட்டு விடாமல், சுவர் ஓரம் வரைக்கும் நக்கிக்கொண்டே போனான்.