ஷூவில் வந்த நுரை

காலை 8.10. தொட்டியின் மூடியைத் திறந்த முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். எரிபொருளாகியிருக்க வேண்டிய பழைய சமையல் எண்ணெய் கூழாகத் திரண்டு கிடந்தது. அதை மாற்றவேண்டிய என்சைம் மணிகளைக் காணவில்லை.

9.00. வந்த பெண் இன்ஸ்பெக்டர் தொட்டியடியில் சிந்திக் கிடந்த கூழில் வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். எரிச்சலோடு ஷூவைக் குழாயில் கழுவினார். நுரை பொங்கியது.

"குடும்ப விஷயத்துக்கு எதுக்குப் போலீஸ்?" என்று சீறினார் முதலாளியின் மைத்துனர். பதினெட்டு வருடம் காஸ்டிக் சோடா போட்டே எரிபொருள் காய்ச்சியவர், பட்டப்பெயரே 'காஸ்டிக்'.

"நான்தான் கூப்பிட்டேன் மாமா. என் என்சைம் திருடு போயிருக்கு" என்றாள் முதலாளியின் மகள்.

"திருட்டா? நேத்து நீ லைசென்ஸ் ஆபீஸ் போறப்ப எழுதி வச்சபடிதான் எல்லாம் போட்டேன். நாப்பது டிகிரி, மெத்தனால் மூணு தடவையா. உன் மணி செத்துப்போச்சு. வடிகட்டிச் சாக்கடையில கொட்டிட்டேன்."

முதலாளி மகளிடம் கை நீட்டினார். "ஒரு தடவை தோத்தாலும் ஆலை மாமாவுக்குன்னு சொன்னேன்ல? சாவியைக் குடு."

கொடுத்தாள். கண் கலங்கியது. இன்ஸ்பெக்டருக்கு அந்த வீட்டு ஆண்கள் இருவர் மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

"காஸ்டிக் போதாதாம்மா?"

"பழைய எண்ணெயில காஸ்டிக் போட்டா பாதி சோப்பாயிடும் மேடம். என்சைம்ல சோப்பே வராது."

"என்சைம் செத்திருந்தா?"

"எண்ணெய் எண்ணெயாவே கிடக்கும்."

9.25. இன்ஸ்பெக்டர் மைத்துனர் பக்கம் திரும்பினார். "காஸ்டிக்கைக் கடைசியா எப்ப தொட்டீங்க?"

"ஆறு மாசம் இருக்கும்."

ஒரு கரண்டி கூழைப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கினார் இன்ஸ்பெக்டர். கழுத்துவரை நுரை.

"என் ஷூ வந்தவுடனே சொல்லிடுச்சு. எனக்குத்தான் உறைக்கல. என்சைம் செத்திருந்தா இங்க எண்ணெய் இருக்கணும். இருக்கிறது சோப்பு. நீங்க என்சைமைப் போடவே இல்ல. காஸ்டிக்கைக் கொட்டி வேணும்னே கெடுத்தீங்க. இவ தோத்தா ஆலை உங்களுக்கு."

"அபாண்டம்!"

மூலையிலிருந்த காஸ்டிக் டிரம்மை நோக்கி நடந்தார் இன்ஸ்பெக்டர்.

"அதைத் தொடாதீங்க, கை வெந்துடும்!"

"அதனாலதான் உங்களைத் தவிர யாரும் கிட்ட போறதில்லை, இல்ல?"

கையுறை மாட்டி மூடியைத் திறந்தார். வெள்ளைச் செதில்களுக்கு நடுவே, சீல் உடையாத என்சைம் பொட்டலம்.

முதலாளி சாவியை மகளிடம் நீட்டினார். "மாமாவை விட்டுடச் சொல்லும்மா. அம்மா தாங்க மாட்டா."

அவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உங்க மச்சான்தானேப்பா? ஜீப் வரைக்கும் நீங்களே கூட்டிட்டுப் போங்க. எனக்குத் தொட்டி கழுவணும்."