ஏழாவது வரி

காலையில் எர்னஸ்ட் அழித்த வரி, சாயங்காலம் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

"எந்த முட்டாப்பய வேலை இது?"

கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து, சிடாம் கிரி ரப்பர் ஆலையில் அவன் கண்ணுக்கு முட்டாளாகத் தெரியாதவர் யாருமில்லை. அங்கே ரப்பர் ஷீட் அடுக்கும் அவன் மனைவி கேதரின் உட்பட.

ஷீட் காயும் சூட்டறைகள் ஆறு. புரோகிராமைப் புதிதாகக் கட்டும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஒயர் வழியாக அறைகளைக் கூப்பிடும். பதில் சொன்ன அறைக்கு ஒரு வரி என்று ஹெடர் ஃபைல் என்ற பட்டியலைத் தானே எழுதிக்கொள்ளும். கதவைப் பூட்டுவதும் சூட்டை ஏற்றுவதும் அந்த ஃபைலை நம்பித்தான். அதில் ஏழாவதாக ஒரு வரி. ஒயரே இல்லாத அறைக்கு!

மேற்பார்வை பார்க்கும் புஷ்பவள்ளி வாசலோடு நின்றுகொண்டாள்.

"அத விட்டுருங்கண்ணே. ஷீட்டு அடுக்கப் போன இருளப்பன் உள்ள மாட்டிச் செத்த ரூம்பு. செங்கல் வச்சு அடைச்சிட்டாங்க. முன்ன உங்க வேலையில இருந்த ராமையா அண்ணன் அந்த வரியில கையே வைக்க மாட்டாரு."

"அந்தாளுக்கு மூளை இருந்தாதானே லா! போ, வேலையப் பாரு."

அவள் அசையவில்லை. தானாக எழுதப்படும் ஃபைலில் கை வைப்பவன் தற்குறி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், இப்போது இரண்டாம் தடவையாகத் தன் கையாலேயே வரியை வெட்டினான். கம்ப்யூட்டர் மறுபடி எழுதாதபடி ஃபைலுக்குப் பூட்டும் போட்டான். பெரிய மேதாவி!

தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. புளித்த ரப்பர் பால் வாடையோடு ஏதோ கருகும் நாற்றமும் சன்னல் வழியே மெல்ல மெல்ல நுழைந்து, அவன் சட்டையில், நாக்கில், தொண்டையில் படிந்தது. புரோகிராம் கட்டி முடிந்து ஓடத் தொடங்கியது. திரையில் அறைகள் வந்தன.

ஒன்று. இரண்டு. ஏழு. நான்கு.

பூட்டிய ஃபைலைத் திறந்தான். ஆறே வரிகள். மூன்று இருந்த இடத்தில் ஏழு.

"மூணாவது ரூம்புல யாரு?"

"கேதரின் அக்காதான். ஷீட்டு அடுக்கப் போச்சு."

திரையில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தும் விசையை அடித்தான். நிற்கவில்லை. மின்சார ஒயரைப் பிடுங்கினான். எண்கள் அப்போதும் ஏறின.

ஓடினான். இரண்டாவது கதவு. மூன்றாவது கதவு இல்லை. செங்கல் சுவர். பூச்சு இன்னும் ஈரம். கை வைத்தான். சூட்டில் தோல் ஒட்டிக்கொண்டது.

"கேதரின்!"

உள்ளிருந்து தட்டினார்கள். இரண்டு பேர்.