இரண்டு பேருக்கு ஒரு பெயர்

காலை எட்டு மணிக்கு வலன்ரைன் வேலை முடிந்து வந்தான். ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் இருந்த அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. ஐந்து மாடியும் நடந்துதான் ஏறவேண்டும். மூன்றாம் மாடி விளக்கு அணைந்து மாதக்கணக்காகிவிட்டதால் சுவரைத் தடவித் தடவி ஏறினான். படிகளில் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. இரவெல்லாம் ரயில் பெட்டிகளைக் கழுவியதில் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

அறையில் யாருமில்லை. எட்டுப் பேர் குடியிருந்த அறைதான். ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். யன்னலின் மரக்கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மூலைக் கட்டிலில் விழுந்தான்.

கட்டில் சூடாக இருந்தது.

அந்தச் சூடு அவனுக்குப் புதிதல்ல. அந்தக் கட்டில் இரண்டு பேருக்குச் சொந்தம். இரவில் அரியரத்தினம் படுப்பார். காலையில் எழுந்து ரூ லூயி-பிளாங்கில் உள்ள சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போவார். அவர் விட்டுப்போன சூட்டில் வலன்ரைன் வந்து படுப்பான். எட்டு மாதமாக அந்தக் கட்டில் ஆறியதே இல்லை. எனவே அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுகமாகப் புரண்டு படுத்தான். புரண்ட பிறகுதான் நினைவு வந்தது.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போன அரியரத்தினம் இந்த அறைக்குத் திரும்பவே இல்லை. அன்று திங்கள்.

துள்ளி எழுந்து நின்றான். வேறு யாராவது படுத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அடுத்தவனுடைய கட்டிலில் யாரும் கை வைப்பதில்லை என்பது அந்த அறையின் ஒரே சட்டம். அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

கட்டிலை மட்டுமா பங்குபோட்டார்கள்? வலன்ரைனிடம் ரெசிப்பிசே இருந்தது. அகதி விண்ணப்பம் கொடுத்தவனுக்குத் தருகிற, படம் ஒட்டிய கடுதாசி அது. அரியரத்தினத்தின் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இருவருக்கும் ஒடுங்கிய கன்னம், ஒரே மாதிரி மீசை. இந்த ஊர்ப் பொலிஸ்காரனுக்கு மீசை வைத்த கறுப்பு முகமெல்லாம் ஒரே முகம்தான். அந்த ஏளனத்தையே நம்மவர்கள் ஒரு வசதியாக்கிக்கொண்டார்கள். பகலில் அரியரத்தினம் அந்தக் கடுதாசியோடு வலன்ரைனாகத் திரிவார். இரவில் வலன்ரைனே வலன்ரைனாக இருப்பான்.

வியாழன் மாலை அவர் வரப் பிந்தியது. வேலைக்கு நேரமாகிறதே என்று வலன்ரைன் அவரைத் தேடி இறங்கினான். லா சப்பல் மெத்ரோவின் மேம்பாலத்துக்குக் கீழே மூன்று பொலிஸ்காரர்கள் அவரைச் சுவரோடு சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் கடுதாசியை உயர்த்திக் காட்டிக்கொண்டுதான் நின்றார். செம்பட்டை மீசை வைத்த ஒருவன் அந்தக் கையைத் தட்டிவிட்டு முழங்காலில் அடித்தான். விழுந்த பிறகு தலையில் அடித்தான். அசைவு நின்ற பிறகும் அடித்தான்.

வலன்ரைன் இருபது அடி தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். கையில் கடுதாசி இல்லை. போனால் அவனையும் சேர்த்து அள்ளுவார்கள். முதல் அடி விழுந்தபோதே அரியரத்தினம் அவனைக் கண்டுவிட்டார். கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்; மெத்ரோ இரைச்சலில் அது வலன்ரைனுக்குக் கேட்கவில்லை. வலன்ரைன் ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம். போடவில்லை. இப்போது அதை நினைக்கும்போது பயத்தைவிட வெட்கம்தான் அவனைக் கூடுதலாகத் தின்றது.

மத்தியானம் செபஸ்தியாம்பிள்ளை வந்தார். அறையின் வாடகைச் சீட்டு அவருடைய பெயரில்தான் இருந்தது. வந்தவர் தொப்பியைக் கழற்றாமலே நின்றார்.

"தம்பி, இரு. ஒரு கதை சொல்லோணும். காலமை பொலிஸ் என்ர வேலையிடத்துக்கு வந்தது. கொமிசாரியாவிலை, அதுதான் பொலிஸ் ஸ்ரேசன், படியிலை விழுந்து ஒரு ஆள் செத்துப்போச்சாம். படம் காட்டினவங்கள்."

"அரியரத்தினம் அண்ணையோ?"

"ஓம். ஆனா அவங்கட எழுத்திலை செத்தது நீ."

வலன்ரைன் கடுதாசி இல்லாத சட்டைப்பையைத் தடவினான்.

"நான் ஓம், வலன்ரைன்தான் எண்டு கையெழுத்துப் போட்டிட்டன். வேறை என்ன செய்ய? மாத்திச் சொன்னா எட்டுப் பேரின்ரை கடுதாசியையும் கிண்டுவாங்கள். புதன்கிழமை அடக்கம். பாதருக்கும் சொல்லியாச்சு."

"அண்ணை, அவர் சைவக்காரர். அவரைப் புதைக்கக் கூடாது, எரிக்கோணும்."

"தெரியும்."

"ஊரிலை அவரின்ரை மனுசி நாகேஸ்வரி அக்காவுக்கு என்ன சொல்லுறது?"

"காணாமல் போட்டார் எண்டு பிறகு எழுதுவம். நீ வில்லியே லே பெல்லிலை என்ர மச்சான் வீட்டை போய் இரு. புதுப் பேரிலை திரும்ப அகதி விண்ணப்பம் எழுதிக் குடுப்பம்." செபஸ்தியாம்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "நீ போய் உண்மையைச் சொன்னியெண்டா உன்னைப் பிளேனிலை ஏத்துவாங்கள். கொழும்பிலை இறங்கினா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை."

அவர் சொன்னதில் பிழை இல்லை. மன்னாரில் ஆமி தேடிய பெயர் அது. அந்தப் பெயர் செத்துப்போனால் ஒருவகையில் நல்லதுதான் என்றுகூட வலன்ரைன் ஒரு கணம் நினைத்தான். நினைத்த மனத்தை உடனேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. ஆனாலும் செபஸ்தியாம்பிள்ளைக்குத் தலையாட்டினான்.

கடைசித் தடவையாக அன்றிரவும் வேலைக்குப் போய்வந்தான். செவ்வாய் காலையும் கட்டில் சூடாகத்தான் இருந்தது.

நிலத்தில் படுக்கலாம் என்று பார்த்தான். பங்குனி மாதக் குளிர் பலகையூடாக எலும்பில் ஏறியது. வேறு வழியில்லாமல் கட்டிலின் சுவர்ப்பக்கமாக ஒதுங்கிப் படுத்தான். வெளியே வெயில். மரக்கதவின் இடுக்கால் வந்த வெளிச்சம் நிலத்தில் கோடு கோடாகக் கிடந்தது. சந்தை இரைச்சலும் பஸ் சத்தமும் கேட்டன. பட்டப்பகலில் பேய்க்கு என்ன வேலை என்று துணிவு சொல்லிக்கொண்டு கண்ணை மூடினான்.

படியில் யாரோ ஏறினார்கள்.

ஒரு கால் ஊன்றும் சத்தம். மற்றக் கால் இழுபடும் சத்தம். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறியது. கதவு திறக்கவில்லை.

ஆனால் அறைக்குள் ஜாவெல் மணத்தது. கோப்பை கழுவுகிறவர்களின் கையிலிருந்து ஒருநாளும் போகாத அந்த வெளுக்கும் மருந்தின் மணம். அதற்கடியில் துருப்பிடித்த இரும்பைப் போல இன்னொரு வாடை.

கட்டில் விளிம்பு பதிந்தது.

யாரோ உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கிறார்கள். மெதுவாக, விரல்கள் சரியாக வேலை செய்யாதவரைப் போல. வலன்ரைன் அசையவில்லை. போர்வைக்குள் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. அவன் படுத்திருந்த பக்கம் பனிக்கட்டி. அடுத்த பக்கம் மட்டும் கதகதவென்று இருந்தது.

காதருகே ஈரமான மூச்சு.

"எழும்பும், வலன்ரைன். இது என்ர முறை."

அவன் சப்பாத்துப் போடாமலே ஐந்து மாடியும் இறங்கி ஓடினான். தெருவில் நின்று மூச்சு வாங்கும்போது, இனி எங்கே போவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. செத்தவர் தன் முறையைத்தான் கேட்கிறார். நாளைக்கு அவரை இன்னொருவனின் பெயரில் குழிக்குள் இறக்கிவிட்டால், படியில் விழுந்ததும் உண்மையாகிவிடும், அரியரத்தினம் என்றொரு மனிதர் இருந்ததும் பொய்யாகிவிடும். வலன்ரைன் காலுறையோடு நடந்து, அகதிகளுக்காக வாதாடும் ஒரு சட்டத்தரணியின் அலுவலகப் படிகளில் ஏறினான். அங்கே மொழிபெயர்ப்புக்குப் பியட்றிஸ் என்ற புதுச்சேரிப் பெண் இருந்தாள். அவனுடைய காலைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"என்ர பேர் வலன்ரைன்," என்றான். "நாளைக்கு என்ர அடக்கம்."

சட்டத்தரணி அம்மா அன்று மாலைக்குள் அடக்கத்தை நிறுத்தினார். பத்து நாள் இழுபறிக்குப் பிறகு உடல் அரியரத்தினம் என்ற பெயரில் எரிந்தது. நாகேஸ்வரிக்குத் தந்தி போனது. வலன்ரைனின் ரெசிப்பிசேயைத் திருப்பிக் கொடுக்காமல் ரத்துச் செய்துவிட்டு, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். வழக்கு முடியும்வரை அவனை அனுப்பக்கூடாது என்று சட்டத்தரணி மனுப் போட்டார். செபஸ்தியாம்பிள்ளை அவனோடு பேசுவதை விட்டுவிட்டார். கட்டில் மட்டும் அந்தச் செவ்வாயிலிருந்து மற்றக் கட்டில்களைப் போலக் குளிர்ந்து கிடந்தது. அரியரத்தினம் போய்விட்டார் என்று வலன்ரைன் நம்பினான். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் நித்திரையும் வந்தது.

ஐந்து வாரம் கழித்து விசாரணை நீதிபதியின் அறையில் அவனையும் செம்பட்டை மீசைக்காரனையும் எதிரெதிரே இருத்தினார்கள். மீசைதான் அடையாளம். மற்றபடி ஆள் பாதியாக வற்றிப்போயிருந்தான். கண்கள் குழி விழுந்திருந்தன. படியில் விழுந்தான், நாங்கள் தொடவில்லை என்று மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தான். வலன்ரைன் தூணுக்குப் பின்னால் நின்று கண்டதை ஒன்று விடாமல் சொன்னான். தான் வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னான்.

நீதிபதி தாள்களை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அப்போது பொலிஸ்காரன் பியட்றிஸ் பக்கம் குனிந்து ஏதோ கேட்டான். அவள் முகம் வெளிறிப்போனது.

"ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேக்கறாருங்க."

"என்ன சொல்?"

பொலிஸ்காரன் தானே சொன்னான். கூட்டிக் கூட்டி, குழந்தை படிப்பது போல.

"வ... ரா... தை... யும்."

'வராதீர்' என்பது யாழ்ப்பாணத்தான் வாயில் மட்டுமே அந்த உருவில் வரும்.

"இவர் படுக்கறப்பல்லாம் யாரோ கட்டில்ல வந்து குந்திக்கிட்டு இதையே சொல்றாங்களாம்," என்று பியட்றிஸ் மெல்லச் சொன்னாள். "மொத அஞ்சு நாள் இது மட்டும்தானாம்."

தூணின் பின்னால் நின்ற வலன்ரைனுக்கு அரியரத்தினம் அடிபட்டுக்கொண்டே சொன்ன சொல். இத்தனை நாளும் அவர் தன்னைச் சபித்துக்கொண்டு செத்திருப்பார் என்றல்லவா நினைத்திருந்தான்.

"அந்தச் செவ்வாக்கிழமையிலேருந்து சொல் மாறிடுச்சாம். இன்னிக்கு விடியக்காலையிலயும் சொல்லிச்சாம்."

"வா... ரும்," என்றான் பொலிஸ்காரன்.

பியட்றிஸ் அதன் பொருளைப் பிரெஞ்சில் சொன்னாள். அவன் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் ஏதோ கேட்டான்.

"யாரைக் கூப்பிடுதுன்னு கேக்கறாரு."

யாரை என்று வலன்ரைனுக்குத் தெரியும். அவன் நிமிர்ந்து, அந்தக் குழி விழுந்த கண்களை நேராகப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது எண்டு சொல்லுங்கோ," என்றான்.