மாஸ்டர் சொல்லும் வரை

"போதும், நிறுத்துங்க" என்று சொல்லி மாஸ்டர் ஸ்பீக்கரை அணைத்ததும், மாடி ஹாலில் இருந்த அத்தனை வயிறுகளும் ஓய்ந்தன; ஒரே ஒரு மூச்சு மட்டும் ஓயவில்லை. ஜன்னலோரக் கடைசி வரிசையிலிருந்து ஹுஸ், ஹுஸ், ஹுஸ் என்று அது தாளம் தப்பாமல் வந்துகொண்டே இருந்தது.

"யாரும்மா அது? நிறுத்தச் சொன்னா நிறுத்தணும்."

எல்லாரும் திரும்பினார்கள். ஜன்னலோரம் ஆளே இல்லை. முன்வரிசை பேங்க்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நாங்க அப்பவே நிறுத்திட்டோமே மாஸ்டர்" என்றார்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் சொட்டுகிற சத்தம்தான் என்று மாஸ்டர் முடிவுகட்டினார். தனக்குத் தோதானதை நம்புவதில் அவர் மகா கெட்டிக்காரர்.

அவர் வகுப்பில் சட்டம் ஒன்றுதான். வயிற்றைச் சட்டென்று உள்ளே இழுத்து, மூக்கு வழியே மூச்சை வெளியே தள்ளும் அந்த வேகமூச்சுப் பயிற்சியில், அவர் கைதட்டும் வேகத்துக்கு எல்லாரும் மூச்சு விட வேண்டும். அவர் வாயால் 'நிறுத்துங்க' என்று சொல்லும்வரை ஒருவரும் நிறுத்தக் கூடாது. கை வலிக்கிறதென்று பிற்பாடு தன் கைதட்டலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓட விட்டார். அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும், இவர் பாட்டுக்கு வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருப்பார்.

அந்த ஜன்னலோரம் ஒரு தையல்காரியின் இடம். தன் யோகா மேட்டின் ஓரம் கிழிந்தபோது, மிச்சத் துணியில் சிவப்புக் கரை வைத்துத் தானே தைத்துக்கொண்டவள். அவள் வந்து உட்கார்ந்தால் தையல் மெஷின் எண்ணெய் வாசமும் கூடவே வரும். "எனக்கு பிரஷர் இருக்கு மாஸ்டர், வேகமா மூச்சு விடுறதெல்லாம் வேணாம்னு டாக்டர் சொல்றார்" என்று சேர்ந்த அன்றே சொன்னாள். "மாத்திரையைத் தின்னு தின்னுதான் உடம்பு இப்படிக் கெட்டுக் கிடக்கு" என்று இவர் அடக்கிவிட்டார். அவள் மூச்சு வாங்கி நடுவில் நிறுத்தும்போதெல்லாம் 'பாதிமூச்சு' என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஹாலே சிரிக்கும், அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

ஒருநாள் அவள் நிறுத்தவில்லை. மாஸ்டர் போனில் கதையளந்துவிட்டுத் திரும்பியபோது ஸ்பீக்கர் தட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மூச்சு விடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். தையல்காரி சரிந்து கிடந்தாள், மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் சிவப்புக் கரையில் ஊறியிருந்தது.

"நோயை மறைச்சு வந்து சேர்ந்திருக்காங்க, நான் என்ன பண்ணுவேன்?" என்று ஊரெல்லாம் சொன்னார். பிணத்தின் தலைமாட்டில் நின்ற அவள் தங்கையிடமும் வாய் கூசாமல் அதையே சொன்னார். தங்கை அழவில்லை. "அக்கா உங்ககிட்ட சொல்லலையா மாஸ்டர்?" என்று கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார்.

அந்தத் தங்கைதான் இன்று காலை போன் செய்து, அக்காவின் மேட்டை எடுத்துப்போக சாயந்தரம் வருவதாகச் சொல்லியிருந்தாள். வந்து கேட்டால் தூக்கிப் போட்டாயிற்று என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. மேட் பரணில், பழைய நாற்காலிகளுக்குப் பின்னால் கிடந்தது.

வகுப்பு கலைந்து, படியில் கடைசிச் செருப்புச் சத்தமும் அடங்கியபின், விளக்கை அணைக்க ஜன்னல் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மேட் விரித்துக் கிடந்தது. சுருக்கமில்லாமல், சிவப்புக் கரை சுவரோடு நேராக இருக்கும்படி, அவள் விரிக்கிற அதே ஒழுங்கோடு. ஈரக் காற்றில் மெஷின் எண்ணெய் வாசம் வந்தது.

பின்னால் கைதட்டல் கேட்டது.

அவருடைய கைதட்டல்தான். ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைத்தார். தட்டியது. ஒயரைப் பிடுங்கினார். தட்டியது. கதவுப் பக்கம் போகக் காலைத் தூக்கினார், முழங்கால் மடிந்தது. தானாகவே சம்மணம் போட்டு அந்த மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது. கை இரண்டும் முழங்காலுக்குப் போயின.

வயிறு உள்ளே போயிற்று.

ஹுஸ்.

அவர் இழுக்கவில்லை. யாரோ உள்ளே கைவிட்டுப் பிடித்து இழுத்தார்கள்.

ஹுஸ். ஹுஸ். ஹுஸ்.

பக்கத்தில் இன்னொரு மூச்சு. அதே தாளம். நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்வதற்குள் அடுத்த மூச்சு வெளியே போயிற்று. சொல்லுக்கு மிச்சமாக உள்ளே காற்றே தங்கவில்லை. விரல் மரத்தது. உதடு மரத்தது. விளக்கைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுந்தது. செத்துப்போவேன், இப்படியே செத்துப்போவேன் என்ற பயத்தில் கண்ணீர் வழிந்தது.

கதவு திறந்தது. தங்கை நின்றிருந்தாள், நனைந்த குடையோடு.

அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் ஒயர் பிடுங்கப்பட்ட ஸ்பீக்கரைப் பார்த்தாள், கைதட்டலைக் கொஞ்ச நேரம் கேட்டாள், பிறகு மேட்டைப் பார்த்தாள்.

"பிரஷர் இருக்குன்னு அக்கா உங்ககிட்ட சொன்னாளா, இல்லையா?"

மாஸ்டர் தலையாட்டினார். ஆமாம், ஆமாம், ஆமாம். மூக்கிலிருந்து ஏதோ சூடாக இறங்கி உதட்டைத் தொட்டது.

"சரி. அப்ப நிறுத்தச் சொல்லுங்க மாஸ்டர். நீங்க சொல்லாம யாரும் நிறுத்தக் கூடாதாமே? அக்கா வீட்டுல வந்து சொல்லுவா."

ஹுஸ். ஹுஸ்.

"நான் சொல்லி நிக்காது. நான் மாஸ்டர் இல்லையே."

அவள் காலி மேட்டைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள், வீட்டு மனுஷியிடம் விடைபெறுகிற மாதிரி. "நீ முடிச்சுட்டு வாக்கா. அவசரமில்லை, அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. குடை படிக்குப் படி தட்டிக்கொண்டு கீழே இறங்கிப்போனது.

அவர் மடியில் ரத்தம் சொட்டியது. வயிறு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. பக்கத்து மேட்டில், ஒருத்தி உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்த பள்ளம், மெல்ல அவர் பக்கமாக நகர்ந்து நெருங்கியது. கைதட்டலின் வேகம் கூடியது.