மாற்றி விழுங்கிய மணி

காலை ஏழு மணிக்கு வடிவின் வயிற்றுக்குள் மணி இரண்டு முறை அடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் செங்கோடனின் வயிற்றில் ஒரே ஒருமுறைதான் அடித்தது. ஒருமுறை அடித்தால் விரும்பியதை உண்ணலாம். இரண்டு முறை அடித்தால் கொடுத்ததைத்தான் உண்ண வேண்டும். செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழில் எல்லா வீட்டிலும் பொழுது இப்படித்தான் விடியும்.

சமையலறைச் சுவரில் பதித்திருந்த பரிமாறி என்ற இயந்திரம் தன் இரண்டு கைகளையும் நீட்டியது. ஒரு கையில் நெய்யில் முறுகிய தோசையும் இரண்டு உளுந்து வடையும் இருந்தன. இன்னொரு கையில் அரைக்கிண்ணம் பாசிக்கூழ். எது யாருக்கு என்று ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

குமிழில் எட்டாயிரம் பேர் வசித்தார்கள். மருத்துவமனையில் இருந்தவை எட்டே எட்டுக் கட்டில்கள். நோய் வந்தபின் படுக்க இடமில்லாத ஊரில், நோய் வருமுன்பே மறித்துவிட வேண்டும் என்று குடல்மணியைக் கண்டுபிடித்தார்கள். மிளகளவு இருக்கும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தின் சர்க்கரையையும் கொழுப்பையும் படித்துப் பரிமாறிக்குச் சொல்லும். பரிமாறி அதை மீறாது. வடிவு கெஞ்சியே பார்த்திருக்கிறாள். ஒருமுறை கணவன் தட்டிலிருந்து வடையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டதற்கு, மறுநாள் அவளுடைய அரைக்கிண்ணம் கால்கிண்ணமானது.

வடையைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அவன் அதைச் சாப்பிடும் விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. செங்கோடன் செய்தித்திரையைப் பார்த்துக்கொண்டே தின்பான். கை தானாகப் போகும், வாய் தானாக அசையும். பாதி கடித்த வடையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவான். இத்தனைக்கும் அந்தப் பாசியைப் பண்ணைத் தொட்டியில் வளர்ப்பதே வடிவின் வேலை. பகலெல்லாம் அதன் வாடையில் நின்றுவிட்டு வந்து, அதையே குடித்துக்கொண்டு, அந்தப் பாதி வடையைப் பார்ப்பாள்.

"உனக்கு இதெல்லாம் பழகியிருக்கும், இல்ல?" என்று அவன் ஒருநாள் ஏப்பம் விட்டபடி கேட்டான்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. அவன் வாயால் ஒரே ஒரு வாக்கியம் கேட்க வேண்டும். 'ஒன்பது வருஷம் இதை எப்படித்தான் தாங்கின, வடிவு?' இதை மட்டும் அவன் சொல்லிவிட்டால் போதும், மீதி ஆயுளுக்கும் கூழ் குடிக்கத் தயாராக இருந்தாள்.

குடல்மணி ஓராண்டில் தேய்ந்து வெளியேறிவிடும். புதிய மணியைக் கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் தம் கையால் ஊட்டுவது குமிழின் வழக்கம். மணி ஊட்டும் நாள் என்று அதற்குப் பெயர். தலையில் தாள்பூ வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரை அழைத்து, திருமண நாள்போலக் கொண்டாடுவார்கள். புதிய மணி உடனே உடம்பைப் படித்துவிடாது. முதல் நாற்பது நாள், யார் பெயருக்கு வந்ததோ அவருடைய போன வருஷத்து நினைவை வைத்துக்கொண்டுதான் பேசும்.

அந்த வருஷம் பெட்டியில் இரண்டு மணிகள் அருகருகே கிடந்தன. பெயர் எழுதிய உறையைப் பிரித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. வடிவு தன் மணியை எடுத்துச் செங்கோடனின் வாயில் போட்டாள். அவனுடையதை அவன் உள்ளங்கையில் வைத்து, "ம், எனக்கு ஊட்டுங்க," என்றாள். அவள் கையால் கொடுத்த எதையும் அவன் இதுவரை பார்த்து விழுங்கியதில்லை. கூட்டம் கைதட்டியது.

மறுநாள் காலை பரிமாறி கூழைச் செங்கோடன் முன் வைத்தது.

"தப்பா வைக்கிற. அது அம்மாவுக்கு."

"தங்கள் மணி இரண்டு முறை அடித்தது, ஐயா. நாற்பத்தேழு வயதில் சிலருக்கு இப்படி நேர்வதுண்டு."

செங்கோடன் தன் வயிற்றைப் பார்த்தான். பிறகு மனைவியின் தட்டில் வந்து இறங்கிய தோசையைப் பார்த்தான். அவன் கண்ணில் எரிச்சலைத் தேடினாள் வடிவு.

"அட, உனக்கு விடுதலையா? நல்லாச் சாப்பிடு," என்றான் அவன்.

ஒன்பது வருஷத்துக்குப் பின் வடை அவள் பல்லில் நொறுங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் முதல் கரண்டிக் கூழை வாயில் வைத்திருந்தான். முகம் கோணியது. கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"இத எப்படி..." என்று ஆரம்பித்தான்.

வடிவு மெல்லுவதை நிறுத்தினாள்.

"இத எப்படி மிளகு போடாம அரைச்சாங்க?" என்றான்.

முதல் வாரம் அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் போனது. அவன் அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினான். பரிமாறியிடம் பேரம் பேசினான். இன்றைக்குக் கேட்டுவிடுவான், நாளைக்குக் கேட்டுவிடுவான் என்று அவள் காத்திருந்தாள். எட்டாம் நாள் அவன் இடுப்புவார் ஒரு துளை உள்ளே போனது. கேடு அங்கேதான் தொடங்கியது.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம்தான் முதலில் கவனித்தாள். "அண்ணன் என்னமா இளைச்சிட்டாரு! என்ன பண்றீங்க அண்ணே?"

"எல்லாம் மனசுதாம்மா," என்றான் செங்கோடன். "நாக்கை அடக்கினவனுக்கு நாலு கிரகமும் அடக்கம்."

"வேற யாரால முடியும் அண்ணே இது?"

ஒன்பது வருஷம் கூழ் குடித்தவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து யாரும் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் கூழ் குடித்தது அவள் விதி. அவன் குடிப்பது அவனுடைய மனவுறுதி.

மனிதன் பூமியிலிருந்து விதைகளையும் மொழிகளையும் மட்டும் கப்பலேற்றி வரவில்லை. ஒரு வாரம் சர்க்கரையில்லாத காபி குடித்தவன் எட்டாம் நாள் அடுத்தவன் தம்ளரை எட்டிப் பார்ப்பானே, அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தான்.

பதினைந்தாம் நாள் செங்கோடன் நடைபாதையில் ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இருபதாம் நாள் ஐம்பது பேர். குமிழ் ஒலிபரப்பில் 'கூழும் நானும்' என்ற தலைப்பில் பேசினான். காற்று வடிப்பு நிலையத்தில் அவனோடு வேலை பார்த்தவர்கள் வடையைக் கண்டால் ஒளித்து வைத்தார்கள்.

வடிவுக்குத் தோசை இறங்கவில்லை. கால் வீங்கிச் செருப்பு இறுக்கிப் பிடித்தது. மதியத்தில் தலை சுற்றியது. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவன் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குடித்தபோது வெறும் கூழாக இருந்தது, அவன் குடிக்கும்போது எப்படி இத்தனை மதிப்பாக மாறியது? அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கிக் குடித்துவிடலாமா என்றுகூட ஒரு காலையில் கை துறுதுறுத்தது.

"கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க வடிவக்கா," என்றாள் மரியபுஷ்பம். "அண்ணன் அவ்வளவு கட்டுப்பாடா இருக்காரு. அவருக்கு எதிர்லயே உட்கார்ந்து நெய்த்தோசை சாப்பிடறீங்களே, பாவமா இல்ல?"

வடிவின் வாயில் வடை இருந்தது.

சொல்லிவிட்டால் என்ன? பலமுறை யோசித்தாள். மணியை மாற்றினேன் என்று சொன்னால் அவள் திருடியாவாள், அவன் இன்னும் பெரிய தியாகியாவான். அந்த ஒரு வாக்கியம் என்றைக்குமே வராது. நாற்பது நாள் முடியட்டும் என்று இருந்துவிட்டாள். மணிகள் உண்மையான உடம்பைப் படித்துக்கொள்ளும். அவன் வடைக்குத் திரும்புவான், கூட்டம் கலையும். அன்றைக்காவது நினைத்துப் பார்ப்பான்.

நாற்பத்தோராம் நாள் காலை செங்கோடனின் வயிறு ஒருமுறை அடித்தது. வடிவின் வயிறு இரண்டு முறை அடித்து, கொஞ்சம் நிறுத்தி, மூன்றாவதாகவும் ஒன்று அடித்தது. பரிமாறி அவள் முன் கால்கிண்ணம் கூழை வைத்தது. அவன் முன் தோசையும் இரண்டு வடையும் வந்தன.

செங்கோடன் தட்டைப் புறங்கையால் தள்ளினான்.

"வேண்டாம். எனக்கும் கூழே கொடு."

"தங்கள் மணி அனுமதிக்கிறது, ஐயா."

"மணி ஆயிரம் சொல்லும். மனசு சொல்லணும்."

பரிமாறி தட்டை இழுத்துக்கொண்டது. சூடான இரண்டு வடைகள் சுவருக்குள் போய் மறைவதை வடிவு கடைசிவரை பார்த்தாள். இனிமேல் பாதி வடையைக்கூடப் பார்க்கக் கிடைக்காது.

"ஏங்க," என்றாள். "அந்த மணி ஊட்டின அன்னைக்கு நான்..."

"சாப்பிடறப்பப் பேசக்கூடாது வடிவு," என்றான் அவன், மிகுந்த அன்போடு. "உனக்கு மறுபடியும் கூழ் வந்துடுச்சேன்னு வருத்தப்படாத. நான் கூட இருக்கேன். மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு தடவை மெல்லணும்."

"கூழை எப்படிங்க மெல்றது?"

"அதான் பாரு," செங்கோடன் பெருமூச்சு விட்டான். "ஒன்பது வருஷமா நீ இதைச் சும்மா விழுங்கிட்டு இருந்திருக்கே."

வடிவு கரண்டியை வாயில் வைத்தாள். அவன் அவள் தாடையைப் பார்த்தபடி விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

"ஒண்ணு... ரெண்டு... மெதுவா, மெதுவா... மூணு..."