கண் திறந்த படம்

கரண்ட் போய் முக்கால் மணி நேரம் ஆகியும் ஜெயபாண்டியின் கண்களுக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரோகிணி அதைத் தற்செயலாகத்தான் பார்த்தாள். வைகாசி பிறந்து நாலு நாள் ஆன மத்தியானம். தல்லாகுளத்தில் வீட்டோடு ஒட்டியிருந்த அவர்களுடைய ஸ்டுடியோவின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, அடியில் வெயில் நுழையாதபடி ஒரு சாக்கையும் மடித்துப் போட்டிருந்தாள். உள்ளே அரை இருட்டு, வார்னிஷ் வாசம், வேர்வை. கணவனுக்கு மோர் டம்ளரை வைக்கக் குனிந்தபோதுதான் தெரிந்தது. அவருடைய இரண்டு கண்ணிலும், கருமணிக்குச் சற்று மேலே, மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அவள் நகர்ந்து பார்த்தாள், புள்ளி நகரவில்லை. எங்கிருந்து இந்த வெளிச்சம் விழுகிறது என்று திரும்பினாள். அந்தப் பக்கம் சன்னலே இல்லை. சுவர்தான் இருந்தது, சுவரில் மாலை போட்ட மகனின் படம்.

"மோரக் குடிங்க."

"வையி, குடிக்கிறேன்."

அவர் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய் வெறும் மேஜையைப் பிடித்தது. பிறகு தடவி, கண்டுபிடித்து எடுத்தது. முகம் மட்டும் விரித்து வைத்திருந்த கடல்வரைபடத்தைவிட்டு அசையவில்லை.

"மூணாம் நாள் காலையில படகு இந்த வளைவுக்குள்ள போகும். பனியாறு நேரா வந்து கடல்ல முட்டுற எடம். ஒடையிறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள ஒரு சத்தம் வரும் பாரு, இடி உருள்ற மாதிரி."

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? அதான் கேக்குதுல்ல."

ரோகிணி டம்ளரை அவர் வாயருகே உயர்த்திவிட்டாள். மூன்று மாதமாக அவர் பேச்சை அவள் மறுத்ததில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன் எதைப் பேசினாலும் பேசட்டும், பேசாமல் கிடப்பதற்கு இது மேல் என்று.

அந்தப் பயணத் திட்டம் மருது போட்டது. இருபத்து நாலு வயதுப் பையன். அப்பாவோடு கல்யாண வீடும் காதுகுத்தும் எடுத்தே வளர்ந்தவன். நார்வேக்கு வடக்கே, பன்னிரண்டு பேர் மட்டும் போகிற சின்னக் கப்பலில் பத்து நாள். பனியாறுகளையும், பாறைமேல் படுத்திருக்கும் கடல்நாய்களையும், குட்டியோடு நடக்கும் பனிக்கரடியையும் தண்ணீரிலிருந்தபடியே படம் எடுக்க வேண்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்து ஒரே அறை. குளிரில் பேட்டரி செத்துப் போகும், ஆறு வேண்டும், உள்சட்டைப் பையில் வைக்க வேண்டும். வெளியிலிருந்து வந்ததும் கேமராவைப் பையில் போட்டு மூடாவிட்டால் லென்ஸில் நீர் பூக்கும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் நாள்வாரியாக எழுதியிருந்தான். ராத்திரிச் சாப்பாட்டில் இதே பேச்சுத்தான்.

"யப்பா, பழக்கதோஷத்துல கரடிகிட்டப் போயி, 'தாடையக் கொஞ்சம் எறக்குங்க, இங்கிட்டுப் பாத்துச் சிரிங்க'ன்னு சொல்லிராதீங்க."

"போடா. ஆயுசு பூரா என்னைப் பாத்து மொறைக்கிறவங்களையே எடுத்தாச்சு. என்னை நிமிந்தே பாக்காத ஒண்ண எடுக்கணும்டா."

மாசி மாதம், பேரையூர்ப் பக்கம் ஒரு விசேஷம் எடுத்துவிட்டு வண்டியில் திரும்பியவனை டி. கல்லுப்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி அடித்துப் போட்டது. கேமராப் பை நசுங்கவில்லை. அவன்தான்.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் ஜெயபாண்டி அந்த நோட்டை எடுத்துப் பிரித்தார். டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. "புள்ள போட்ட பாதை. போயிட்டு வாரேன்" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சோறும் தின்றார். ரோகிணிக்கு அதுவே போதுமாயிருந்தது. மகன் போய்விட்டான், இவராவது மிஞ்சட்டும். அதற்குமேல் அவள் சாமியிடம்கூட எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அவள் செய்த ஒரு காரியம் யாருக்கும் தெரியாது.

இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கடைசியாக ஒரு படம் எடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதில் மூடிக் கிடக்கும் கண்களைத் திறந்து, உயிரோடு பார்ப்பதுபோலச் சட்டம் போட்டுக் கொடுப்பது ஸ்டுடியோக்காரர் வேலை. பதினைந்து வருஷமாக ரோகிணிதான் கம்ப்யூட்டரில் கண் திறக்கிறாள். போனவருடைய பழைய படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பாள். பழைய படம் இல்லாவிட்டால், அதே சாயலில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த இன்னொருவர் கண். உயிரோடு இருக்கிறவர் கண்ணை மட்டும் எடுக்கக் கூடாது. அது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மருது எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவன். இருக்கிற பத்துப் படத்திலும் சிரிக்கிறான். சிரித்தால் அவனுக்குக் கண் மூடிக்கொள்ளும். பாஸ்போர்ட் ஆபீசில் எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் கண் புள்ளி புள்ளியாகச் சிதறியது. ஜெயபாண்டி தன் கையாலேயே மகனை உட்காரவைத்து எடுத்த அந்தக் கடைசிப் படத்தின் முன்னால், ரோகிணி ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன யாரோ ஒருவன் கண்ணைத் தன் பிள்ளை முகத்தில் வைக்க எந்தத் தாய்க்குக் கை வரும், சொல்லுங்கள். மருதுவுக்கு அப்படியே அப்பாவின் கண். கல்யாணத்தன்று டி. கல்லுப்பட்டி ஸ்டுடியோவில் எடுத்த படம் இருந்தது. ஜெயபாண்டிக்கு இருபத்தாறு வயது. அகலத் திறந்த கண்கள், அவற்றில் ஸ்டுடியோ விளக்கின் வெள்ளைப் புள்ளி. அவள் அதை எடுத்தாள். வைத்தாள். மகன் அவளைப் பார்த்தான்.

இப்போது அதே புள்ளி, அதே இடத்தில், ஐம்பத்து மூன்று வயது ஜெயபாண்டியின் கண்ணில், விளக்கில்லாத அறையில் எரிந்தது.

அடுத்த நாள் அவர் இமைக்கவே இல்லை என்பதைக் கவனித்தாள். கண்ணாஸ்பத்திரியில் காட்டினாள், கண் நன்றாகத்தான் இருக்கிறது, துக்கம்தான் என்றார்கள். வீட்டுக்கு வந்தவர் வாசற்படியில் இடறினார். பக்கத்தில் இருப்பது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தூரத்தில் எதுவோ துல்லியமாகத் தெரிந்தது. "அந்தா, பாறைமேல நாலு கெடக்கு. ஒண்ணு தலையத் தூக்குது" என்று பீரோவைப் பார்த்துச் சொன்னார். நூற்றுமூன்று டிகிரி வெயிலில் குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டார். அவர் உட்கார்ந்திருந்த மூலையில் உப்பும் ஈர ரோமமும் கலந்த ஒரு வாசம் நின்றது. ரோகிணி அந்த இடத்தை இரண்டு தரம் பினாயில் ஊற்றிக் கழுவினாள். ஈரம் காய்ந்தது, வாசம் காயவில்லை. பக்கத்து டீக்கடையில் பாட்டும், பஸ் ஹாரனும், கோர்ட்டுக்குப் போகிற வண்டிச் சத்தமும் ஓய்கிற நடுமத்தியானத்தில் இன்னொரு சத்தம் அவள் காதிலும் விழத் தொடங்கியது. ஆயிரம் சோடா பாட்டிலை எங்கோ தூரத்தில் மெல்லத் திறந்துவிட்டதுபோல, முடிவில்லாத ஒரு பொரிதல்.

"அது பனிக்கட்டி கரையிற சத்தம்" என்றார் அவர், அவள் கேட்காமலே. "உள்ள அடைபட்ட காத்து வெளிய வருது. எம்புட்டு வருசத்துக் காத்தோ."

சொல்லும்போது வாயிலிருந்து புகை வந்தது. மார்கழி விடியலில் வருவதுபோல.

இம்மானுவேல் வந்தது வெள்ளிக்கிழமை. தெருமுனையில் பிரேம் கடை வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் தூரிகையால் கண் திறந்தவர். மருதுவின் படத்துக்கு அவசரத்தில் வேறு கடையில் சட்டம் போட்டதில் அவருக்கு வருத்தம், இத்தனை நாள் இந்தப் பக்கம் வரவில்லை.

"நல்ல சட்டமா நான் போட்டுத் தாரேன் தங்கச்சி. இது என்ன, பரோட்டாக் கடைக் காலண்டர் மாதிரி..." என்று ஆரம்பித்தவர், படத்தின் அருகில் போனதும் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நாற்காலியில் இருந்த ஜெயபாண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு கண்ணு இது?"

ரோகிணி கணவனைப் பார்த்தாள். இம்மானுவேல் அவள் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஒனக்குத் தெரியாதாத்தா? உசுரோட இருக்கவங்க கண்ணத் தொட மாட்டோம்ல?"

"சும்மா ஒரு பழக்கத்துக்குச் சொல்றதுன்னு நெனச்சேண்ணே."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஆனா ஒரு நாளும் மீறுனதில்ல." அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "மூடிரு. இன்னைக்கே மூடி, புதுசா பிரிண்ட் எடு. நான் போயிச் சட்டம் அறுத்து வைக்கிறேன். புருசன் வேணும்னா மூடிரு."

"அவன் கண்ண மறுபடியும் நானே மூடணுமாண்ணே?"

இம்மானுவேல் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போனார்.

மணி மூன்றரை. ரோகிணி கம்ப்யூட்டரைத் திறந்தாள். வெளி அறையில் ஜெயபாண்டி அசையாமல் இருந்தார். நோட்டின் தாள் புரளும் சத்தம் மட்டும் வந்தது. இங்கே காற்றே இல்லை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. திறந்த கண் என்பது படத்தின்மேல் ஒட்டிவைத்த ஒரு மெல்லிய அடுக்கு. அதை நீக்கினால் அடியில் மூடிய கண் அப்படியே இருக்கும். ஒரே ஒரு பொத்தான். விரலை அதன்மேல் வைத்தாள். வைத்தவள், கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று படத்தைப் பெரிதாக்கினாள்.

கண் திரை முழுவதும் விரிந்தது. வெள்ளைப் புள்ளி விரிந்தது. அது விளக்கு இல்லை.

பனி. கரைமுழுக்க நீலம் பாய்ந்த பனிச் சுவர். கீழே கறுத்த தண்ணீர். தண்ணீரில் ஒரு ரப்பர் படகு, அரிசியளவு. அதில் ஒருத்தன், முதுகைக் காட்டி.

அந்த முதுகை அவளுக்குத் தெரியும்.

"ரோகிணி," வெளி அறையிலிருந்து குரல் வந்தது. "கிட்ட வந்துட்டான்."

பொத்தானை அழுத்தியிருக்கலாம். படகில் இருந்தவன் மெல்லத் திரும்பத் தொடங்கினான். முதலில் காது தெரிந்தது. பிறகு தாடை. முகத்தை மட்டும் பார்த்துவிட்டு அழுத்துகிறேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான். அவள் திரையில் நெற்றி முட்டக் குனிந்தாள். கண்ணாடி சில்லிட்டது.

"கை நீட்டுறான் புள்ள. ஏறச் சொல்லுறான்."

"ஏறாதீங்க!"

எழுந்து ஓடினாள். நாற்காலி சரிந்து விழுந்தது.

வெளி அறை வெயிலும் தூசியுமாக இருந்தது. ஜெயபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இமை ரோமம் முழுக்க வெள்ளைப் பொடி. கண்ணில் கறுப்பே இல்லை. வலது கையைச் சுவரை நோக்கி நீட்டியிருந்தார். கை அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டில் சதை அமுங்கியிருந்தது. நான்கு குழிகள். அடியில் ஒன்று, கட்டைவிரலுக்கு.

எதுவும் அங்கே இல்லை. குழிகள் மட்டும் ஆழமாயின.

நாற்காலிக் கால்கள் தரையில் கீறின. ஒரு அங்குலம். மறுபடி ஒரு அங்குலம்.

ரோகிணி அவருடைய இடது கையைப் பாய்ந்து பிடித்தாள். ஐஸ் கட்டியைப் பிடித்ததுபோல் இருந்தது. விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, தரையில் உட்கார்ந்து, கால்களை மேஜையில் முட்டுக் கொடுத்தாள்.

"மருது, அப்பாவ விட்டுருய்யா. எனக்கு வேற யாருமில்லடா. விட்டுரு சாமி."

இழுப்பு நின்றது.

பொரிகிற சத்தமும் நின்றது. தெருவில் ஒரு பஸ் போனது.

நாற்காலியின் இந்தப் பக்கம் குளிர் வந்து குனிந்தது. அவளுடைய கைமேல் ஏதோ பட்டது. ஈரமாக. அது அவளை இழுக்கவில்லை. இறுக்கவும் இல்லை. தூங்கிப்போன தாயின் பிடியிலிருந்து முந்தானையை உருவிக்கொள்ளும் பிள்ளையைப்போல, அவளுக்கு வலிக்காமல், அவசரமில்லாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.

சுண்டு விரல்.

மோதிர விரல்.

நடுவிரல்.