நான்காவது குப்பி

காலை 6.40. ஸ்ரீரங்கத்தில் அந்தச் சிறிய மருத்துவமனையின் ஜன்னலுக்கு வெளியே காவிரிமேல் பனி கிடந்தது. கோபுரம் தரையைத் தொடாமல் மிதந்தது. மருந்து அறையிலிருந்து டெக்னீஷியன் ஸ்டீபன்ராஜ் வெறுங்கையோடு வந்தார். குளிர்பெட்டியில் பூட்டி வைத்திருந்த கடைசிக் குப்பியைக் காணவில்லை.

அது என் கணவர் கலீமின் குப்பி. சர்க்கரை நோயில் புண்ணாகிப்போன அவர் காலில் ஒரு புதிய சிகிச்சையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள் கலந்த களிம்பைத் தடவி மூன்று மணி நேரம் ஊறவிடுவார்கள். பிறகு, தொட்டால் சுடாத ஓர் ஊதாச் சுடர். குளிர் பிளாஸ்மா என்றார்கள். துகள்களை அது ஆழத்துக்கு இறக்கும். கடைசியில் சிவப்பு விளக்கு. வெளிச்சம் பட்டதும் மருந்து விழித்துக்கொண்டு கிருமியைக் கொல்லும். மூன்று முறை ஆகியிருந்தது. நான்காவதும் பலிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

7.30. சப்-இன்ஸ்பெக்டர் இளவேனில் வந்தார். சாவி ஸ்டீபன்ராஜிடம் மட்டும்தான். ஐந்தரைக்கு டீ குடிக்கப் போனவர் தன் வெள்ளைக் கோட்டை வார்டு கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

"சாவி?"

"கோட்டுலயே இருந்துச்சு, மேடம்."

"லாக்கரைத் தொறந்து வெச்சுட்டு பஜ்ஜி சாப்பிடப் போன மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டீபன்ராஜின் வேலை அன்றோடு போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

வார்டில் இரண்டே கட்டில்கள். ஒன்றில் என் கணவர். மற்றதில் பச்சைமலையிலிருந்து வந்த மருதை. அவருக்கும் அதே புண், ஆனால் சிறியது. பஸ் அரிதாக வரும் ஊரிலிருந்து வாராவாரம் வரமுடியாதென்று ஆய்வில் சேர்க்கவில்லை. வெயில் புண்ணை ஆற்றும் என்பது அவர் நம்பிக்கை. தினமும் விடிந்ததும் வராந்தா படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். "பாய், உங்களுக்கு லைட்டு, எனக்குச் சூரியன். கரண்டு பில்லு கிடையாது" என்பார். அன்று கட்டிலிலேயே, இடது காலில் ஒரு கறுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார்.

8.10. இளவேனில் அந்தக் கட்டிலருகே நின்றார்.

"ஐயா, வெயில் வந்திருச்சே. வெளியே போகலையா?"

"இன்னிக்கு வெளிச்சம் படக் கூடாதுங்க."

"யாரு சொன்னது?"

மருதை என் கணவரைப் பார்த்தார்.

இளவேனில் திரும்பினார். "களிம்பு தடவின காலை இருட்டுல மூடி வைக்கணும்னு ஆய்வுல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்காங்க. வெறுமனே திருடினவனுக்கு இது தெரியாது. எடுத்தது நீங்கதான், கலீம் பாய்."

அந்தத் துணி என் பழைய புர்காவிலிருந்து என் கணவருக்காக நானே வெட்டி ஓரம் தைத்தது. விடிந்ததிலிருந்து அது என் கண்ணெதிரே கிடந்தது.

மருதை பதறி எழுந்தார். டாக்டர் கொடுக்கச் சொன்னதாகத்தான் பாய் சொன்னாராம்.

குவைத்தில் இருபது வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர் என் கணவர். அவசரமில்லாமல் பேசினார். "மூணு தடவை போட்டும் எனக்குக் கறுப்பு ஏறிக்கிட்டேதான் போகுது, மேடம். துரு தின்ன தகட்டுல பத்த வெச்சா ஒட்டாது. அவருது இன்னும் நல்ல இரும்பு."

தடவிய களிம்பைத் திரும்ப எடுக்க முடியாது. அரை மணிக்குள் விளக்கு காட்டாவிட்டால் அதுவும் வீண். அதற்குள் வந்து சேர்ந்திருந்த டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நேரமாகுதும்மா, விளக்கைப் போடுங்க" என்றார் என் கணவர்.

திரைகளை இழுத்தார்கள். ஊதாச் சுடர் மருதையின் கால்மேல் மெதுவாக ஊர்ந்தது. அறையில் மின்னல் வெட்டிய பிறகு வரும் வாசனை. சுடரைப் பிடித்திருந்தவர் ஸ்டீபன்ராஜ்.

வெள்ளிக்கிழமை என் கணவரின் காலை எடுத்தார்கள். மூன்றாம் மாதம் அவரே போய்விட்டார்.

அடக்கத்தன்று, விடிகாலையின் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, துறையூரில் மாறி, எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக்கு மருதை வந்திருந்தார். அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. வாசலிலிருந்து பார்த்தேன். அவர் உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்து, தெருமுனை வரைக்கும் நொண்டாமல் நடந்தார்.